ஏழு சரைகள்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று திருக்கோவில் கடற்கரையைக் கண்டவர்கள் அந்தக் கூட்டத்தை மறக்கமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அக்கூட்டத்தின் நடுவே என் தாயார் தலைசுற்றி, வியர்த்துச் சாய்ந்தார். விரதம் அவருக்குப் புதிதன்று. வைத்தியர் சொல்லைத் தட்டக்கூடாதென்று, கிளிக்லசைட் என்னும் நீரிழிவுக் குளிசையை வெறும் வயிற்றிலே விழுங்கிவிட்டு வந்திருந்தார்! குருதியிற் சீனி இறங்கிப் போயிற்று. அருகில் நின்றவர் கொடுத்த சோடாவே அன்று அவரைக் காத்தது.

"உணவோடன்றோ எடுக்கவேண்டும்?" என்று பின்னர் ஓர் இளம் வைத்தியர் கடிந்துகொண்டார். அவர் சொன்னது சரியே. ஆயினும், விரத நாளில் என்ன செய்வீர்கள் என்று முன்னரே கேட்டவர் எவருமில்லை. கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் அன்பர்களுக்கோ றமழான் மாதம் முழுவதும் இதே வினாவுண்டு. நோன்புக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, வேளையையும் அளவையும் அவரைக்கொண்டே மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவர்களிற் பலரிடம் இருக்கிறது.

என் தாயாரின் குளிசைகள் ஏழு வகை. தைரொயிட் குளிசை வெறும் வயிற்றில், மெற்போமின் சாப்பாட்டோடு, நீர்க் குளிசை காலையில், கொழுப்புக்குரியது இரவில். இவற்றை மருத்துவ மாணவர் ஓரிரவில் மனனஞ் செய்துவிடுவர். ஆனால், பஸ் ஏறும் நாளில் அம்மூதாட்டி நீர்க் குளிசையைத் தொடுவதில்லை என்பதை எந்தப் பாடநூலிற் காண்பது? (வழியிலே பஸ்ஸை நிறுத்தச் சொல்ல நாணம், வேறென்ன?) மேலும், அவர் குளிசைகளை நிறத்தால் அறிபவர். வேறு கம்பனியின் மருந்து வந்து, வெள்ளை மஞ்சளாகிவிட்டால் அந்த மாதம் வீட்டிலே பெருங் குழப்பந்தான்.

நீண்டகால நோயாளரிற் சராசரியாகப் பாதிப்பேரே மருந்தை விதித்தபடி உட்கொள்கின்றனர் என்று 2003ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதுவும் செல்வ நாடுகளின் கணக்கு. இதை மாணவர் உணரும்பொருட்டு, அமெரிக்காவிலே சில மருத்துவ, மருந்தியற் கல்லூரிகளில் ஒரு பயிற்சி நடத்துகின்றனர். குளிசைகளுக்குப் பதிலாக மிட்டாய்களை வேளை குறித்துக் கொடுப்பர். மாணவர் அவற்றைச் சில நாட்கள் தவறாது உட்கொண்டு, தவறிய வேளைகளைக் குறித்துவர வேண்டும். இளைஞர், கற்றவர், நோயற்றவர். இருந்தும் பலர் தவறவிடுகின்றனர்.

மட்டக்களப்பிலே மருத்துவம் பயிலும் என் பழைய மாணவன் விடுமுறையில் வந்தபோது இதைச் சொன்னேன். சிரித்தான். என் தாயார் சிரிக்கவில்லை. கடையில் மிட்டாய் வாங்குவித்து, ஏழு சரைகளாகக் கட்டி, வேளைகளையும் சொல்லி அவன் கையிலே கொடுத்துவிட்டார். பத்து நாட் கணக்கு. ஐந்தாம் நாள் அவன் வீடு தேடிச் சென்று, ஒரு சரையிலிருந்த பச்சை மிட்டாய்களை எடுத்துக்கொண்டு சிவப்பை வைத்துவிட்டும் வந்தார். எழுபது வயதுக் குறும்பு!

பதினோராம் நாட் காலை அவன் சரைகளோடு வந்தான். மீதியை எண்ணினோம், பதினெட்டு. தவறியது பெரும்பாலும் இரவு வேளை. இரண்டு நாள் நண்பன் வீட்டுத் திருமணமாம். சிவப்பைக் கண்டு ஐயுற்று ஒருநாள் அறவே விட்டுவிட்டானாம். நான் ஒன்றும் பேசவில்லை. அவன் பாயிலே என் தாயாரருகில் அமர்ந்து, அவருடைய கிளினிக் கொப்பியை விரித்துக்கொண்டான்.

"ஆச்சி, அடுத்த விரதம் எப்போது?" என்று கேட்டான்.