மீட்டர் எண்ணாததை மிச்சம் பிடிக்கும் பெட்டி

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி அது. பிளக்கில் சொருகினால் ஒரு பச்சை விளக்கு எரியும். கரண்ட் பில் பாதியாகக் குறைந்துவிடும் என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். இணையக் கடைகளில் பத்து பெயர்களில் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் ஒருவர் அதை மாட்டுகிறார், பக்கத்தில் உள்ள கருவியில் ஆம்பியர் கணக்கு சரசரவென்று இறங்குகிறது. பார்ப்பவர் கண்ணை நம்புகிறார்.

ஆந்திர எல்லையோரத்து நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கத்துத் தறித் தெருக்களில் இந்தப் பேச்சு மற்ற ஊர்களைவிட எளிதாக ஒட்டிக்கொள்ளக் கூடியது. இங்குள்ளவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்பதால் அல்ல, விவரம் தெரிந்தவர்கள் என்பதால். விசைத்தறி வைத்திருப்பவருக்கு நூல் விலைக்கு அடுத்து மனதை அரிப்பது மின்கட்டணம். மோட்டாருக்குக் கண்டென்சர் போட்டால் நல்லது என்று தறிக்கூடத்து எலக்ட்ரீசியன் பல காலமாகச் சொல்லி வருவதும் அவருக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒரு சின்னக் கண்டென்சர்தான். ஆகவே அந்தப் பொய் அவருக்கு முற்றிலும் பொய்யாகத் தெரிவதில்லை. பாதி உண்மையில் வேர் விட்ட பொய்தான் நெடுநாள் நிற்கும்.

அந்தப் பாதி உண்மை என்ன என்பதை நின்று பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றுவதற்கு உள்ளே காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்தை உண்டாக்கக் கொஞ்சம் மின்னோட்டம் கம்பி வழியே மோட்டாருக்குள் போகிறது. உடனே திரும்பியும் வந்துவிடுகிறது. ஒரு விநாடிக்குப் பலமுறை இந்தப் போக்குவரத்து நடக்கிறது. ஊடை நூல் இல்லாமல் நாடா இங்கும் அங்கும் ஓடினால் தறி சத்தம் போடும், துணி வளராது. அதைப் போன்ற ஓட்டம் இது. கம்பியைச் சூடாக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை ஏற்றும், ஆனால் வேலை செய்யாது. மோட்டாருக்குப் பக்கத்திலேயே சரியான அளவில் கண்டென்சர் வைத்தால் இந்த வெற்று ஓட்டம் அங்கேயே நின்று சுற்றும், தெருக் கம்பிவரை வராது. அதனால்தான் மின் நிறுவனங்கள் தொழிற்கூடங்களைக் கண்டென்சர் வைக்கச் சொல்கின்றன. உயர் அழுத்த இணைப்பு வாங்கிய ஆலைகளுக்கு இந்த வெற்று ஓட்டத்தையும் சேர்த்தே பில் வருவதால், அங்கே அது பணத்தையும் மிச்சப்படுத்துகிறது.

வீட்டு மீட்டர் கதை வேறு. அது அந்த வெற்று ஓட்டத்தை எண்ணுவதே இல்லை. 1885-இல் இத்தாலியின் கலிலேயோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தைச் செய்து காட்டினார். 1889-இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாதி மாறுமின்சாரத்தை அளக்கும் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றுமே, அந்தப் பழைய மீட்டரின் மூதாதை அதுதான். தறியின் மோட்டாரைச் சுற்றவைக்கும் அதே விதிதான் அந்தத் தட்டையும் சுற்றவைத்தது. வேலைக்குச் செலவான மின்சாரத்தை மட்டும் எண்ணும்படி அந்தத் தட்டு 1890-களிலேயே செம்மைப்பட்டுவிட்டது. பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-இல், மேட்டூர் 1937-இல். அப்போது மதராஸ் மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நகரிக்கு மின்கம்பம் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கணக்கு முடிந்துபோனது. நூற்று முப்பது ஆண்டுகளாக மீட்டர் எண்ணாத ஒன்றை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று இன்று ஒரு பெட்டி சொல்கிறது. வீடியோவில் ஆம்பியர் இறங்குவது உண்மை. யூனிட் இறங்குவதில்லை. பணம் கட்டுவது யூனிட்டுக்கு.

இதே வழியில் முன்பு வந்தது மீட்டரில் காந்தம் ஒட்டும் யோசனை. அதிலும் பாதி உண்மை இருந்தது. பழைய தட்டு மீட்டரைப் பலமான காந்தத்தால் தடுமாற வைக்க முடிந்தது. எலெக்ட்ரானிக் மீட்டர்கள் வந்தபின் காந்தம் நெருங்கினாலே அது பதிவாகிவிடும் வகையில் செய்துவிட்டார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு இதை மின்திருட்டாகவே எண்ணுகிறது. காலம் கடந்துபோன ஒரு யோசனை, சிறைக்கு அனுப்பக் கூடிய யோசனை, இன்னும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. அனுப்புகிறவர் உதவி செய்வதாகவே நினைக்கிறார்.

எல்லை ஊர் என்பதால் நகரிக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நகரி ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது நகரி சித்தூரிலும் புத்தூர் திருப்பதியிலுமாக ஒரே தொகுதி இரண்டு மாவட்டங்களில் விழுந்தது. கோடுகள் மாறினாலும் உறவும் பேச்சும் மாறவில்லை. திருத்தணியிலும் ஆர்.கே. பேட்டையிலும் உள்ள சொந்தக்காரர் தமிழில் அனுப்பும் செய்தி நகரி வீட்டுக்குள் தடையில்லாமல் வருகிறது. அந்தச் செய்தி பேசுவது தமிழ்நாட்டுக் கணக்கை. அங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், 2016-இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம், விசைத்தறிக்கு 2023 முதல் இலவச அளவு 1000 யூனிட். ஆந்திரத்தில் மாதாமாதம் பில், அடுக்குகள் வேறு, சலுகைகள் வேறு. அங்கே உண்மையாக இருப்பது இங்கே வந்து சேரும்போது பொய்யாகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு குடும்பம் தவறான கணக்குப் போட்டு, தன் மீட்டர் ஓடுகிற வேகம் சரியில்லை என்று முடிவுகட்டுகிறது. பெட்டிக்காரருக்கு வாசல் திறப்பது அந்த இடத்தில்தான்.

மின் நிறுவனங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. ஆந்திரத்தில் அண்மை ஆண்டுகளில் ட்ரூ-அப் என்றும் எரிபொருள் சரிக்கட்டல் என்றும் பில்லில் கூடுதல் கட்டணங்கள் சேர்ந்தன. முன்பு எப்போதோ எரித்த மின்சாரத்துக்கான பாக்கியை இன்று வாங்குவது அது. ஒரு யூனிட் கூட அதிகம் எரிக்காத வீட்டில் தொகை மட்டும் ஏறியதற்கு இது ஒரு காரணம். இதை வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் யார் உட்கார்ந்து சொன்னார்கள்? துண்டுச் சீட்டில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சுருக்கெழுத்தாக வந்தால் போதுமா? பொறுப்பானவர்கள் பேசாமல் விட்ட இடத்தில் யாராவது பேசத்தான் செய்வார்கள். வதந்தியை மட்டும் கண்டித்துவிட்டு இந்த மௌனத்தைக் கண்டிக்காமல் விடுவது நேர்மையாகாது.

வதந்திக்கு எது மருந்தாக இருந்தது என்று பின்னால் திரும்பிப் பார்த்தால் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் சாதனங்களைப் பற்றியவை அல்ல. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி தொலைபேசி வழியே ஒரே நாளில் நாடு முழுவதும் பரவியது. தேசிய அறிவியல் தொடர்புக் குழுவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து, கரண்டியிலிருந்து கிளம்பும் பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். வீட்டில் ஒரு கரண்டி, கொஞ்சம் குங்குமம் இருந்தால் யாரும் செய்து பார்க்கக் கூடிய சோதனை அது. அடுத்த ஆண்டு 1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகையிலிருந்து பெட்ரோல் தயாரிக்கலாம் என்ற செய்தி கிளம்பித் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. ஆய்வாளர்கள் முன்னால் செய்து காட்டியபோது அது நிலைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு மேலிருந்து வந்த அறிக்கை. மக்கள் கையில் சோதிக்க எதுவும் இல்லை. அதனால் இன்றும் அதை ஒரு சதியால் அமுக்கப்பட்ட கண்டுபிடிப்பு என்று சொல்பவர்களை டீக்கடைகளில் சந்திக்கலாம். விஞ்ஞானி சொன்னார் என்பதைவிட நானே பார்த்தேன் என்பதற்குப் பலம் அதிகம்.

மூன்றாவதாக ஒரு சாதனக் கதையும் உண்டு, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரஷர் குக்கர் வெடிக்கும் என்ற பயம் நம் சமையலறைகளில் நெடுங்காலம் இருந்தது. வெடித்தும் இருக்கிறது. குக்கர் தயாரிக்கும் டி.டி.கே. நிறுவனத்தின் டி.டி. ஜகந்நாதன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், வடநாட்டிலிருந்து வந்த புகார்களைத் தேடிப் போனார். சந்தையில் விற்ற போலி சேஃப்டி வால்வுகள்தான் பல வெடிப்புகளுக்குக் காரணம் என்று தெரிந்தது. போலி வாங்கியது உங்கள் தவறு என்று விளம்பரம் கொடுத்து அவர் கையைக் கழுவியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வால்வு வேலை செய்யாவிட்டாலும் அழுத்தம் மீறும்போது மூடியின் ஓரத்தில் உள்ள இடைவெளி வழியே காஸ்கெட் பிதுங்கி ஆவியை வெளியேற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பயத்தில் இருந்த உண்மையை ஒப்புக்கொண்டு அதற்கு வழி செய்தபோதுதான் பயம் தணிந்தது.

இன்று மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் இதை மறந்துவிடக் கூடாது. வெயிலில் நிறுத்தினாலே எல்லா மின் வண்டியும் வெடிக்கும் என்று வரும் செய்தி பொய். ஆனால் 2022 மார்ச்சில் நமக்குப் பக்கத்து வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிந்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜ் ஏறிய பேட்டரி வெடித்து ஒருவர் உயிர் போனது. விசாரணைகளில் பேட்டரி வடிவமைப்பிலேயே குறைகள் தென்பட்டன. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற்றன. பேட்டரிக்கான சோதனை விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாகக் கடுமையாக்கப்பட்டன. எதுவும் ஆகாது என்று பூசி மெழுகுவதும் வதந்திதான், கோட்டு சூட்டு போட்ட வதந்தி. படுக்கையறையிலும் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டும் சார்ஜ் போடாதீர்கள், கம்பெனி கொடுத்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொல்பவரே வண்டி வாங்குபவருக்கு உதவுகிறார்.

நகரிக்கு ஒரு பலம் இருக்கிறது. வாய்வழி வரும் நம்பிக்கையின் மண் இது. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவது விளம்பரப் பலகை பார்த்து அல்ல. குணமானவர் சொல்லி அடுத்தவர் வருகிறார். பெட்டிக்காரர் பயன்படுத்துவதும் இதே வழியைத்தான். அந்த வழியிலேயே சரியான செய்தியும் போக முடியும். அதைக் கொண்டுபோகத் தகுந்த ஆள் தெருவுக்குத் தெரு இருக்கும் எலக்ட்ரீசியனும் தறி மெக்கானிக்கும்தான். அவர்கள் சொன்னால் தெரு கேட்கும்.

அவர்கள் காட்டக் கூடிய சோதனை மிக எளியது. எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்; பலவற்றில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால் நிமிடத்துக்கு நான்கு, பத்து நிமிடத்தில் ஏறத்தாழ நாற்பது மினுக்கல். இப்போது பெட்டியைச் சொருகி மறுபடியும் பத்து நிமிடம் எண்ணுங்கள். பில் பாதியாகும் என்பது உண்மையானால் இருபதுதான் வர வேண்டும். வராது. பெட்டியில் எரியும் பச்சை விளக்கும் அந்த மீட்டரின் கணக்கில்தான் சேர்கிறது.

பில் குறைய வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை, அதற்கு நேரான வழியும் உண்டு. 75 வாட் ஃபேன் தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள 30 வாட் ஃபேன் அதே காற்றுக்கு 11 யூனிட்டுக்குள் முடித்துவிடும். மாதாமாதம் ஒரு ஃபேனுக்கு 16 யூனிட் மிச்சம். அறுபது வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் ஒன்பது வாட் எல்.இ.டி. வந்தபோது வீட்டு பில்லில் நடந்த மாற்றத்தைப் பலரும் கண்டிருப்பார்கள். தறிக்கூடம் வைத்திருப்பவர் மோட்டாரின் குதிரைத் திறனுக்கு ஏற்ற கண்டென்சரை எலக்ட்ரீசியனிடம் அளந்து வாங்கிப் பொருத்தட்டும், பழுதானதை மாற்றட்டும். வீட்டு பிளக்கில் சொருகும் பெட்டிக்கு அங்கேயும் வேலை இல்லை.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வந்தது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை பத்து லட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. விளம்பரத்தில் தோன்றி நம்பச் சொல்பவருக்கும் அது பொருந்தும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து யாரும் புகார் கொடுக்கலாம். வாங்கி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி வைப்பதால்தான் அடுத்த தெருவில் அதே பெட்டி விற்கிறது.

ஆந்திர தெற்கு மின் விநியோக நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நகரி, புத்தூர் மின் அலுவலகங்களில் பில் கட்டும் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஒரு மீட்டர், ஒரு ஃபேன், இந்தப் பெட்டிகளில் ஒன்று ஆகியவற்றை மாட்டி வையுங்கள். பில்லின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெலுங்கிலும் தமிழிலும் அதன் கீழே எழுதுங்கள். வரிசையில் நிற்பவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.