தலைப்பிலிருந்து இறங்கிப்போன சானடோரியம்

சென்னை அஸ்தினாபுரத்துக்காரர்கள் குரோம்பேட்டையில் ரயிலேறித் தெற்கே போனால் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை. இன்றும் ரயிலில் ஒலிக்கும் ‘சானடோரியம்’ என்ற சொல்லை மருத்துவ ஆய்விதழ்த் தலைப்புகளில் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அது இறங்கிப்போன கதையும் சென்னையில்தான் தொடங்குகிறது. 1956-இல் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. தலைப்பிலேயே வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தார்கள். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகிறது, அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றுவதும் இல்லை என்று முடிவு வந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களுக்கான தேவை குறைந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

இப்படித் தலைப்புச் சொற்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணி, ஒரு துறையின் போக்கை வரைபடமாக்குவது இப்போது எளிது. பிரான்சில் மிஷேல் கலோன் குழுவினர் 1983-இல் வகுத்த முறை இது. நெதர்லாந்தின் லைடனில் உருவான வோஸ்வியூவர் இலவச மென்பொருள் வந்தபின் சொற்களை வண்ண வட்டங்களாகப் போட யாருக்கும் ஒரு பிற்பகல் போதும். ஆனால், காசநோய் ஆராய்ச்சியில் அந்த வட்டங்கள் நம்மை நன்றாகவே ஏமாற்றும்.

சிகிச்சையைப் பாதியில் விட்டவரை ‘டிஃபால்ட்டர்’ என்று எழுதிவந்தார்கள். கடனைத் திருப்பாதவரைச் சொல்வதுபோல் நோயாளிமேல் பழிபோடும் சொல். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டு ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ என்று மாற்றியது. இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டமும் 2020-இல் ஆர்.என்.டி.சி.பி. என்ற பெயரை விட்டு என்.டி.இ.பி. ஆனது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு என்ன தெரியும்? பாதியில் விடுவோர் பிரச்சினை 2013-க்குப் பின் தணிந்தது, 2020-இல் ஒரு திட்டம் செத்து இன்னொன்று பிறந்தது என்று வரைந்து காட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்கு ஓடுகிறவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

சானடோரியம் மறைந்தது ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததால். டிஃபால்ட்டர் மறைந்தது நாகரிகம் கருதி. இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரி மங்கும். பிரித்துச் சொல்ல, கட்டுரையைப் புரட்டிய மனிதர் வேண்டும்.

எண்ணுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சுப்பையா அருணாசலம், எஸ். குணசேகரனுடன் சேர்ந்து இந்திய, சீனக் காசநோய் ஆய்வுகளை அளந்து 2002-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். நோயில் நமக்குள்ள பங்கு பெரிது, ஆய்வில் உள்ள பங்கு சிறிது என்பதை அது முகத்திலடித்தாற்போல் காட்டியது. நோய்ச் சுமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் அந்த எண்களுக்குப் பொருள் வந்தது.

வோஸ்வியூவரில் எந்தெந்தச் சொற்களை ஒன்றாகக் கருத வேண்டும் என்று முன்கூட்டியே கொடுக்க ஒரு கோப்பு உண்டு. அலுப்பான வேலை என்பதால் பலர் அதைத் தொடுவதில்லை. வரைபடத்தைக் காட்டி நிதி கேட்பவர்களிடம் அந்தக் கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் மேசையில் காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்த்த ஒருவராவது உட்கார வேண்டும்.