லேபிளை விடுங்க, செடியைப் பாருங்க

நியூஜெர்சி கார்டன் சென்டர்களில் தொங்கும் குடுவைச் செடியைப் பார்த்தால் பிள்ளைகள் விடுவார்களா? பூச்சி தின்னும் செடியாச்சே! வாங்கிக் கொடுங்க. ஆனா சயின்ஸ் ப்ராஜெக்டில் பெயர் எழுதும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க.

லேபிளில் 'நெப்பந்தஸ் அலாட்டா' என்று இருந்தாலும், அந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 'வென்ட்ராட்டா'. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அலாட்டாவும் வென்ட்ரிகோசாவும் கலந்த கலப்பினம் அது.

நான் முதலில் செடியின் அடிப்பக்கக் குடுவைகளைத்தான் பார்ப்பேன். மேலே வருபவை வடிவம் மாறிவிடும். லத்தீனில் 'அலாட்டா' என்றால் சிறகுள்ளது. அதன் குடுவையின் முன்பக்கம் ஓரத்தில் முடியுள்ள இரண்டு சிறகுகள் ஓடும். இலைக்குக் காம்பு உண்டு. வென்ட்ரிகோசாவுக்குச் சிறகும் இல்லை, இலைக்காம்பும் இல்லை. குடுவை நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். வென்ட்ராட்டாவில் இடுப்பு லேசாகத் தெரியும், சிறகு சும்மா பேருக்குத்தான்.

"கலப்பினமா?" என்று பிள்ளையின் முகம் வாடினால் சொல்லுங்க: ரெண்டு பக்கத்துக் குணமும் வந்த இதுதான் ஜன்னலோரத்தில் சுலபமா வளரும். குழாய்த் தண்ணி வேண்டாம், மழைத்தண்ணி ஊத்துங்க. லேபிளைப் பிள்ளையே திருத்தி எழுதட்டும்.