பல்லு சொல்லும் ஊர்க்கதை

இன்ஜினியரிங் முதல் வருஷம். ஹாஸ்டல்ல சேர்ந்த ரெண்டாவது நாள், ரூம்மேட் என் வாயையே பாத்துட்டு இருந்தான். கடைசில கேட்டே புட்டான். "டேய், நீ பல்லே விளக்க மாட்டியா?"

நான் தினமும் ரெண்டு தடவை விளக்குற ஆளு மக்களே. ஆனா முன்பல்லு ரெண்டுலயும் பழுப்புக் கோடு இருக்கும். சொந்த ஊரு பென்னாகரம் பக்கம். பள்ளிக்கூடத்துல என் கூடப் படிச்ச நிறைய பேருக்கு அப்படித்தான். அதனால அது ஒரு பாதிப்புன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஃப்ளோரோசிஸ்னு பேரு. குடிக்கிற தண்ணில ஃப்ளோரைடு அதிகமா இருந்தா, பல்லு உருவாகுற வயசுல வர்ற கறை. எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது.

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தின்னு கேக்கறீங்களா? மேட்டருக்கு வர்றேன்.

இப்ப நாங்க இருக்கறது தர்மபுரி டவுன்ல. வீட்டுல எப்பவும் ஒரே பாட்டு, உப்புத் தண்ணி. பக்கெட்ல வெள்ளைப் படலம். ஹீட்டர் ராடுல சுண்ணாம்பு பூசின மாதிரி பொறுக்கு. சோப்பு நுரைக்காது. குக்கர்ல அஞ்சு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழிச்சுக்கிட்டுப் பாக்கும். என் முடி கொட்டறதுக்கும் தண்ணிதான் காரணம்னு நம்பிட்டிருக்கேன் (அப்பா தலையைப் பாக்காத வரைக்கும்).

பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? பெங்களூர்ல இருந்து ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிட்டு வந்தேன். போர்த் தண்ணில வெச்சா நாலு இலக்கம் காட்டுது. சம்ப்புத் தண்ணில வெச்சா பாதியா குறையுது. அப்பாவுக்கு ஒரே பெருமை. "போர்த் தண்ணியும் ஒகேனக்கல் தண்ணியும் ஒரே சம்ப்புல விழற மாதிரி பைப் போட்டதே நாந்தான் கண்ணு. உப்பு குறைஞ்சிருச்சு பாத்தியா?"

குறைஞ்சது வாஸ்தவம். ஆனா சமையலும் குடிக்கிறதும் அதே சம்ப்புத் தண்ணிதான். அங்கதான் எனக்கு பக்குன்னு ஆச்சு. லேப்ல குடுத்துப் பாத்தா, கலந்த தண்ணிலயே ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு.

இந்திய தர அளவு (ஐ.எஸ். 10500) என்ன சொல்லுதுன்னா, ஃப்ளோரைடு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்கலன்னா 1.5. கடினத்தன்மைக்கு அதே மாதிரி 200, வழியில்லன்னா 600. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. டி.டி.எஸ். மீட்டர் தண்ணில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பாத்து, மொத்த உப்பைத்தான் குத்துமதிப்பா சொல்லும். ஆயிரத்துல ஒண்ணரை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. நம்ம நாக்குக்கும் தெரியாது. ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல.

காய்ச்சினா போயிடும்னு நினைக்காதீங்க. காய்ச்சறப்ப கால்சியம்தான் பாத்திரத்துல படியும். ஃப்ளோரைடு அப்படியே இருக்கும், தண்ணி சுண்ட சுண்ட கொஞ்சம் கூடவும் செய்யும். வீட்டுக்கு மாட்டுற சாஃப்ட்னரும் கால்சியம், மெக்னீசியத்தைத்தான் புடிக்கும்.

ஆக, நாம சண்டை போடறது கண்ணுக்குத் தெரியற எதிரியோட மட்டும். பக்கெட்டுக்குக் கறை புடிச்சா ஆசிட் வாங்கி ஊத்தறோம். பல்லுக்கும் எலும்புக்கும் புடிச்சா தலையெழுத்துங்கறோம்.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. அன்னைய மெட்ராஸ் ராஜதானில ஃப்ளோரோசிஸ் இருக்குன்னு 1937லயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருச்சு. எங்க மாவட்டத்துப் பாறைல இருந்து ஆழ்துளைக் கிணத்துக்கு ஃப்ளோரைடு இறங்குது. அதுக்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். முழுப்பேருலயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு'ன்னு இருக்கு. 2008ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனோட, ஏறக்குறைய 1,900 கோடி செலவு பண்ணி, 2013 மே மாசம் தொடங்கி வெச்சாங்க. பக்கத்துலயே காவிரி ஓடியும் போர்த் தண்ணி குடிச்சு வளந்தவன் நான். அந்தத் தண்ணி ஊருக்கு வந்தப்ப எனக்குப் பல்லு எல்லாம் முளைச்சு முடிஞ்சிருந்துச்சு.

இவ்வளவு செலவு பண்ணி வந்த தண்ணிய நம்ம வீட்டு சம்ப்புல நாமளே கெடுக்கறோம். பேச்சுக்கு ஒரு கணக்கு: போர்த் தண்ணில 2.4, ஆத்துத் தண்ணில 0.4னு வெச்சுக்கங்க. பாதிக்குப் பாதி கலந்தா 1.4. குழாய்த் தண்ணி கம்மியாகி, முக்கால் பங்கு போர்னா 1.9. கலக்கறதால போர்த் தண்ணி நல்லதாகல. நல்ல தண்ணிதான் வீணாப் போகுது.

"குழாய்ல தினமும் வரமாட்டேங்குதே, என்ன பண்றது?"ன்னு அப்பா கேட்டாரு. நியாயமான கேள்வி. குடிக்க, சமைக்க மட்டும் தலைக்கு பத்து லிட்டர்னு வைங்க. அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது, நாலு நாளைக்கு இருநூறு. மூடி போட்ட ஒரு டிரம் போதும். மிச்ச வேலைக்கெல்லாம் போர்த் தண்ணி.

இதே கேள்விய உள்ளாட்சிக்காரங்களுக்கும் கேக்கலாம். தட்டுப்பாட்டுக்கு மேல்நிலைத் தொட்டில போர்த் தண்ணி கலக்கற இடம் இருந்தா, அன்னைக்கு அதைச் சொல்லிட்டாவது விடுங்க. தெருப் பலகைல ஒரு வரி எழுதினா போதும், விவரம் தெரிஞ்சவங்க அன்னைக்குத் தண்ணி புடிக்க மாட்டாங்க.

எங்க அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. பால் பல்லு காட்டி சிரிச்சிட்டு இருக்கா. ஆறேழு வயசுல முளைக்கப்போற முன்பல்லு இப்பவே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கு. அவ இன்னைக்கு குடிக்கிற தண்ணிதான் அந்தப் பல்லுக்குக் கணக்கு. அதனாலதான் இந்தப் புலம்பல்.

பி.கு: பைப்பைப் பிரிச்சாச்சு. சமையலறைல டிரம் வந்தாச்சு. பருப்பு இப்ப ரெண்டே விசில்ல வேகுது. ஆனா குளியலறைக்கு இப்ப வெறும் போர்த் தண்ணிங்கறதால ஹீட்டர் ராடுல பொறுக்கு இன்னும் ஜாஸ்தி. அப்பா தினமும் திட்டறாரு. ராடு போனா கடையில வேற வாங்கிக்கலாம்ப்பான்னு சொல்லிட்டேன் :)