4 வருஷத்துக்கு ஒருமுறை வரும் நினைவு நாள்: 'தி மங்கீஸ்' டேவி ஜோன்ஸை ரசிகர்கள் மறக்காதது ஏன்?

பிப்ரவரி 29. லீப் வருஷத்தில் மட்டும் காலண்டரில் எட்டிப் பார்க்கிற தேதி. 2012-ல் அந்தத் தேதியில்தான் பாடகர் டேவி ஜோன்ஸ் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 66. அன்று காலைகூட தன்னுடைய குதிரைகளைப் பார்க்கத்தான் போயிருந்தார்.

நினைவு நாள் என்று கும்பிட 4 வருஷத்தில் 3 வருஷம் தேதியே கிடையாது. ஆனாலும் அவரை ரசிகர்கள் விடுவதாக இல்லை. இத்தனைக்கும் அவர் இருந்த இசைக்குழு, ஒரு டிவி சீரியலுக்காக ஆடிஷன் வைத்து உருவாக்கப்பட்டது. 'இவங்க நிஜ பேண்டே இல்ல' என்று அப்போதே கிண்டல் செய்யப்பட்டவர்கள். அப்படியிருக்க, இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டேவி ஜோன்ஸ்?

1945 டிசம்பர் 30-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தவர். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரபல டிவி தொடரில் 1961-ல் சின்ன வேடத்தில் நடித்தார். 14 வயதில் அம்மாவை இழந்தார். அதன்பின் நடிப்பை விட்டுவிட்டு, குதிரைப் பந்தய ஜாக்கி ஆகணும் என்று பயிற்சிக்குப் போனார். ஆள் உயரம் கம்மி என்பதால் அந்த வேலைக்குப் பொருத்தமாகவும் இருந்தார்.

பையனிடம் இருந்த மேடைத் திறமையைக் கவனித்த பயிற்சியாளரே அவரை நாடகப் பக்கம் அனுப்பிவைத்தார். 'ஆலிவர்!' இசை நாடகத்தில் பிக்பாக்கெட் சிறுவனாக முதலில் லண்டனில் நடித்தார், பிறகு நியூயார்க்கின் பிராட்வேயில். அதற்காக 1963-ல் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

1964 பிப்ரவரி 9. 'எட் சல்லிவன் ஷோ'வில் பீட்டில்ஸ் குழு முதன்முறையாகத் தோன்றி அமெரிக்காவையே கலக்கிய இரவு. அதே நிகழ்ச்சியில் 'ஆலிவர்!' குழுவோடு டேவியும் இருந்தார். பீட்டில்ஸுக்காகப் பெண்கள் கத்திக் கூச்சலிட்டதை மேடை ஓரத்தில் நின்று பார்த்தார். அடுத்த இரண்டரை வருஷத்தில் அதே கூச்சல் இவருக்கும் கிடைத்தது.

விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்த பேண்ட்!

1965-ல் பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் ஹாலிவுட் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். டிவி தொடரில் நடிக்க 17 முதல் 21 வயதுக்குள் 4 குறும்புக்காரப் பையன்கள் தேவை என்பதுதான் சாராம்சம். 400-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

கடைசியில் தேர்வானவர்கள் மிக்கி டோலென்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டார்க், டேவி ஜோன்ஸ். இதில் டேவி ஏற்கெனவே அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர். நால்வரில் ஒரே பிரிட்டிஷ்காரரும் அவர்தான்.

1966 செப்டம்பர் 12-ல் என்பிசி சேனலில் தொடர் ஆரம்பமானது. சான்ஸ் தேடி அலைகிற ஒரு பேண்டின் காமெடிதான் கதை. மொத்தம் 58 எபிசோட். 1967-ல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது. சான்ஸ் கிடைக்காத பேண்டாக டிவியில் நடித்தவர்களின் பாடல்கள், வெளியே பட்டியலில் முதலிடத்தில் இருந்தன என்பதுதான் வேடிக்கை.

'போலி பேண்ட்' என்ற பெயர் ஏன் வந்தது?

முதல் இரண்டு ஆல்பங்களில் குரல் இவர்களுடையது. ஆனால் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தது. எந்தப் பாட்டு, யார் எழுதுவது என்பதை முடிவு செய்தவர் இசை மேற்பார்வையாளர் டான் கிர்ஷ்னர். 1967 தொடக்கத்தில் வந்த இரண்டாவது ஆல்பம், குழுவினருக்கே தெரியாமல் கடைக்கு வந்துவிட்டது.

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. குழுவுக்குள்ளும் கோபம் வெடித்தது. கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். மூன்றாவது ஆல்பமான 'ஹெட்குவார்ட்டர்ஸ்' 1967 மே மாதம் வந்தது. அதில் பெரும்பாலும் நான்கு பேரே வாசித்திருந்தார்கள். அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வாரமே பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' அதைக் கீழே தள்ளியது என்பது வேறு கதை.

1967-ல் மட்டும் மங்கீஸின் 4 ஆல்பங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்திருக்கின்றன. அந்த டிசம்பரில் டேவி பாடிய 'டே ட்ரீம் பிலீவர்' பாடலும் முதலிடத்துக்கு வந்தது. இன்றுவரை அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் பாட்டு அதுதான்.

பீட்டில்ஸையே முந்தினார்களா? எது உண்மை?

'1967-ல் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் இரண்டு குழுக்களும் சேர்ந்து விற்றதைவிட மங்கீஸ் அதிகமாக விற்றது' என்ற தகவலை சமூக வலைதளங்களில் பார்த்திருக்கலாம். இது உண்மை இல்லை. 1970-களில் ஒரு பேட்டியில் தான் சும்மா அடித்துவிட்ட கதை அது என்று மைக்கேல் நெஸ்மித்தே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

தொடர் முடிந்தும் ரசிகர்கள் குறையாதது எப்படி?

1968-ல் தொடர் நிறுத்தப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் குழுவும் கலைந்துபோனது. பொதுவாக இத்தோடு கதை முடிந்திருக்கணும். ஆனால் இவர்களை உருவாக்கிய டிவியே இவர்களைக் காப்பாற்றியது. சனிக்கிழமை காலைகளில் தொடர் மறுஒளிபரப்பானது. 1986-ல் எம்டிவி பழைய எபிசோட்களை ஒரே மூச்சில் போட்டது. 1966-ல் பிறந்தே இராத பிள்ளைகள் ரசிகர்களானார்கள். அதே வருஷம் 20-வது ஆண்டு சுற்றுப்பயணமும் நடந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மற்ற பாடகர்களை ரேடியோவில் கேட்டார்கள், எப்போதாவது மேடையில் பார்த்தார்கள். டேவியோ வாராவாரம் வீட்டு ஹாலுக்கே வந்தார். விழுந்தார், சிரித்தார், காதலில் மாட்டிக்கொண்டு முழித்தார். ஸ்கூல் விட்டு வந்து டிவி முன்னாடி உட்கார்ந்த பிள்ளைக்கு அவர் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி. கிட்டாரை வாசித்தது யார் என்ற கேள்வி அந்தப் பிள்ளைக்குப் பெரிதில்லை. 2012-ல் அழுதவர்களில் பலர் அந்த ஹாலைத்தான் சேர்த்து இழந்தார்கள்.

2010-ல் 'தி எக்ஸ் ஃபேக்டர்' மேடையில் உருவான ஒன் டைரக்‌ஷன் குழுவின் லியாம் பெய்ன் 2024 அக்டோபரில் இறந்தபோதும் இதேபோன்ற துக்கத்தை உலகம் பார்த்தது. குழுவை உருவாக்கியது சேனலாக இருக்கலாம். ரசிகரின் 10 வயசு நிஜம்தானே!

அவர் போன பிறகு நடந்தது என்ன?

டேவிக்குக் குதிரை ஆசை கடைசிவரை போகவில்லை. 1996-ல் இங்கிலாந்தின் லிங்ஃபீல்டில் பந்தயக் குதிரை ஓட்டி ஜெயித்தும் காட்டினார். அவர் விட்டுச்சென்ற குதிரைகளைப் பராமரிக்க அவருடைய மகள்கள் ஒரு நினைவு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ரசிகர்கள் கொடுத்த நன்கொடை குதிரைகளின் தீவனமாக மாறியது.

2012 நவம்பரில் மீதி மூவரும் ஒன்றாக மேடையேறினார்கள். அப்போது ஒரு சிக்கல். 'டே ட்ரீம் பிலீவர்' இல்லாமல் மங்கீஸ் கச்சேரி கிடையாது. ஆனால் டேவியின் இடத்தில் நின்று அதை யார் பாடுவது? மூவரில் ஒருவர் பாடலாம். டேவியின் பழைய வீடியோவை ஓடவிடலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை மேடைக்குக் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். அந்தப் பாட்டு இனி ரசிகர்களுடையது என்பதுதான் அவர்களின் முடிவு.

பீட்டர் டார்க் 2019-லும், மைக்கேல் நெஸ்மித் 2021-லும் இறந்தார்கள். அதன்பின் நால்வரில் மிஞ்சியவர் மிக்கி டோலென்ஸ் மட்டும்தான். பிப்ரவரி 29 அடுத்து வருவது 2028-ல். காலண்டர் அதுவரை காத்திருக்கும். பாட்டைப் போட்டுக் கேட்பவர்களுக்கு அந்தத் தேதி வரணும் என்ற அவசியமில்லை.