பிஸ்கெட்டுக்கு வால் ஆடும், நம்பிக்கை வராது

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. "நெட்வொர்க் பண்ணுங்க" என்கிற அறிவுரையை இந்த ஒரு மாசத்துல எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? செமினார் ஹாலுக்கு வர்றவர் சொல்றார், சீனியர் சொல்றார், சொந்தக்காரங்க கல்யாணத்துல பக்கத்து இலைக்காரர் கூடச் சொல்றார். நாமும் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, முன்னபின்ன தெரியாத ஐம்பது பேருக்கு லிங்க்ட்இன்ல ரிக்வெஸ்ட் தட்டிட்டுத் தூங்கிடறோம். காலையில பார்த்தா ஒருத்தர் கூட பதில் போட்டிருக்க மாட்டார்.

எங்க தெரு மணிக்கு லிங்க்ட்இன் கிடையாது. ஆனா அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கிற எங்க தெருவுல ஏழு வீட்டுல அவனுக்குச் சோறு உண்டு. மழை வந்தா ரெண்டு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இடம் உண்டு. காதுல ஒரு மூலை கிழிஞ்ச, செம்மண் கலர்ல இருக்கிற ஒரு தெருநாய்தான் மணி. எங்க வீட்டு நாய்னு நாங்க சொல்லிப்போம். எதிர் வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க.

"ஓ, நாய்கிட்ட விசுவாசத்தைக் கத்துக்கோன்னு அட்வைஸ் பண்ணப் போறான்"னு நினைச்சீங்கன்னா, இல்லை. அந்த விசுவாசப் பேச்சே எனக்குப் பிடிக்காது. நாளைக்கு நாம வேலைக்குப் போற இடத்துல "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்லி, ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார வைக்கிறதுக்கு அது வசதியான பேச்சு. நாய் மாதிரி இருக்கச் சொல்ல நான் வரலை. ஒரு நாய் நம்மள நம்பணும்னா நாம என்னென்ன பண்ண வேண்டியிருக்கு? அந்த வேலையில நாம கத்துக்கிறதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

இந்த யோசனை புதுசு இல்லை. 1936-ல் வந்த டேல் கார்னகியின் 'நண்பர்களைப் பெறுவது எப்படி' வகைப் புத்தகம் இன்னிக்கும் பிளாட்பாரக் கடையில கிடைக்குது. மத்தவங்க மேல உண்மையான அக்கறை காட்டுறதைப் பத்திப் பேசுற இடத்துல, அவர் எடுத்துக்காட்டா வைக்கிறது நாயைத்தான். அஞ்சு வயசுல அவங்கப்பா வாங்கிக் கொடுத்த டிப்பி என்கிற குட்டியைப் பத்தி அதுல எழுதியிருக்கார். தொண்ணூறு வருஷமா கோடிக்கணக்கான பேர் அதைப் படிச்சாச்சு. ஆனா நிறைய பேர் அக்கறையை விட்டுட்டு, அக்கறை இருக்கிற மாதிரி சிரிக்கிறதை மட்டும் கத்துக்கிட்டாங்க. நாய்கிட்ட அந்தச் சிரிப்பு செல்லாது.

மணிகிட்ட நான் முதல்ல பிஸ்கெட்டோடதான் போனேன். தினமும் ஒரு பாக்கெட். வருவான், தின்பான், வாலை ஆட்டுவான், பாக்கெட் காலியானதும் போயிடுவான். கையை நீட்டினா ரெண்டு அடி பின்னால நகருவான். எங்க பாட்டி அவனுக்கு ஒண்ணுமே வாங்கிப் போட்டதில்லை. மிச்சம் இருந்தா ரசம் சோறு, இல்லைன்னா அதுவும் இல்லை. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில உட்கார்ந்தா "என்னடா, எங்க சுத்திட்டு வர்ற?"ன்னு கேட்டுத் தலையைத் தடவி விடுவாங்க. மணி அவங்க காலடியிலதான் படுப்பான். எனக்குப் பொறாமையா இருக்கும்.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர்-ல் பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழு நம்ம ஊர்த் தெருநாய்களையே பல வருஷமா ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கு. 2017-ல் அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வுல, தெரியாத மனுஷங்க சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பச் சாப்பாடு கொடுத்தாங்க, சில நாய்களைத் திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்தாங்க. பல நாள் பழக்கத்துல நம்பிக்கையை அதிகம் வளர்த்தது சாப்பாடு இல்லை, தடவல்தான். குப்பைத்தொட்டியில சாப்பாடு தேடுற நாய்க்கே அப்படின்னா, மனுஷனுக்கு?

நம்ம பழக்கத்தைப் பாருங்க. ரெஃபரல் வேணும்னா மட்டும் சீனியருக்கு "ஹாய் அண்ணா, எப்படி இருக்கீங்க?" நோட்ஸ் வேணும்னா மட்டும் கிளாஸ்மேட்டுக்கு "மச்சி, ஃப்ரீயா?" பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு நினைப்பு. அதெல்லாம் பிஸ்கெட். அந்த நேரத்துக்கு வால் ஆடும், அவ்வளவுதான்.

தொழில்லயும் இதே கதைதான்னு எங்க பெரியப்பாவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்ல அவருக்குச் சின்ன லேத் பட்டறை இருக்கு. மூணு மிஷின், நாலு ஆள், எல்லாம் ஜாப் ஒர்க். அந்த எஸ்டேட்ல பாதிப் பொழப்பு ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் ஓடுது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும்னு 2006-ம் வருஷச் சட்டமே சொல்லுது. ஆனா பெரியப்பா போன்ல அதிகமா பேசுறது "சார், அந்தப் பழைய பில்லு…" என்கிற வசனத்தைத்தான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. பெரியப்பா பட்டறையில மோட்டார் எல்லாம் முழுகிப்போச்சு. கரன்ட் இல்லை. போன்ல சார்ஜும் கொஞ்சம்தான். அந்தச் சார்ஜ்ல அவர் முதல்ல பண்ணினது, ஆர்டர் கொடுத்த நாலு பேருக்குப் போன் போட்டு, "இந்த வாரம் சரக்கு வராது, அவசரம்னா வேற இடத்துல போட்டுக்கோங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்"னு சொன்னதுதான். மூணு பேர் "சரி"ன்னு வச்சுட்டாங்க. நாலாவது ஆள், "மோட்டார் ரீவைண்டிங்குக்கு எவ்வளவு ஆகும்? பழைய பில்லை இன்னிக்கே போட்டு விடறேன்"னு சொன்னார். இன்னிக்கு வரைக்கும் அந்த நாலாவது ஆளோட வேலைன்னா பெரியப்பா ஞாயித்துக்கிழமை கூட மிஷினை ஓட்டுவார். அதுக்கு எந்த அக்ரிமென்ட்டும் இல்லை.

அதே நாலு நாளும் மணி எங்க மொட்டை மாடியில இருந்தான். தூக்கிட்டுப் போனது எங்க அப்பா. அதுக்கப்புறம் அப்பா ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில கேட்டாலே மணி எழுந்து நிப்பான்.

இன்னொரு ஆராய்ச்சியும் சொல்லியாகணும், ஏன்னா இது குரூப் புராஜெக்ட் பண்ற நமக்காகவே பண்ணின மாதிரி இருக்கு. 2008-ல் வியன்னாவில் ஃப்ரீடரிக்கே ராங்கே குழு ரெண்டு நாய்களைப் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு ஷேக்ஹேண்ட் கொடுக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்குத் தீனி, இன்னொண்ணுக்கு ஒண்ணும் இல்லை. ஒண்ணும் கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்துல கை கொடுக்கிறதையே நிறுத்திடுச்சு. தனியா இருக்கும்போது தீனி இல்லைன்னாலும் இன்னும் அதிக நேரம் கொடுத்த நாய்தான் அது! ஒண்ணுக்கு வெறும் ரொட்டி, இன்னொண்ணுக்கு சாசேஜ்னு வித்தியாசம் வச்சப்போ அதுங்க கண்டுக்கலை. சுத்தமா ஒண்ணும் இல்லைன்னாத்தான் கோபம். நாலு பேர் ராத்திரி முழிச்சுப் பண்ணின புராஜெக்டை ஒருத்தன் மட்டும் ஸ்டேஜ்ல ஏறி "நான் பண்ணினேன்"னு சொல்றப்போ மத்த மூணு பேருக்கும் என்ன ஆகுதுன்னு இப்போ புரியுதா? எல்லாருக்கும் சரிசமமா கொடுக்க முடியலைன்னாலும் பரவாயில்லை. பேரைச் சொல்லுங்க. அது ரொட்டித் துண்டுதான், ஆனா போதும்.

சரி, இப்போ நான் பண்ணின தப்புக்கு வரேன்.

போன வருஷம் தெருவுல வெறிநாய் தடுப்பூசி போட வந்தாங்க. மணியைப் பிடிக்கணும். நான் பிஸ்கெட்டைக் காட்டிக் கூப்பிட்டு, கிட்ட வந்ததும் கழுத்தைப் பிடிச்சு அமுக்கிட்டேன். ஊசி போட்டது சரியான காரியம்தான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா மூணு வாரம் அவன் என் பக்கமே வரலை. பிஸ்கெட் போட்டா மோந்து கூடப் பார்க்கலை. கிட்டப் போனா உறுமினான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டிதான் சொன்னாங்க: "உறுமுறானேன்னு சந்தோஷப்படு. உறுமாம கடிக்கிறதுதான் ஆபத்து." இதைத் தொழில் பண்ணப் போறவங்க எழுதி வச்சுக்கலாம். கத்துற கஸ்டமர் இன்னும் நம்மகிட்ட பேசிக்கிட்டு இருக்கார். சத்தமே போடாம வேற கடைக்குப் போறவர்தான் நஷ்டம். சண்டை போடுற ஃப்ரெண்டும் அப்படித்தான்.

அதே சமயத்துல என் புராஜெக்ட் பார்ட்னரும் என்கிட்ட பேசறதை நிறுத்தியிருந்தான். அவன் வேலையை முடிக்கலைன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம நேரா கைடுகிட்ட போய்ச் சொன்னது நான். அவங்க வீட்ல அப்போ என்ன நடந்துக்கிட்டு இருந்ததுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வாட்ஸ்அப்ல மூணு பக்கத்துக்கு ஸாரி அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரலை. இப்போ யோசிச்சா அந்த மூணு பக்கமும் பிஸ்கெட்தான். என் குற்ற உணர்ச்சி சீக்கிரம் தீரணும்னு போட்ட பிஸ்கெட்.

மணி விஷயத்துல வேற வழி இல்லாம ஒண்ணு பண்ணினேன். தினமும் ஆறு மணிக்குத் திண்ணையில உட்காருவேன். கூப்பிட மாட்டேன், கையை நீட்ட மாட்டேன், அவனையே முறைச்சுப் பார்க்க மாட்டேன். வந்தா வரட்டும். இருபதாவது நாளோ என்னவோ, அவனா வந்து ஒரு முழ தூரத்துல படுத்தான். அதுக்கும் ஒரு வாரம் கழிச்சுத்தான் தொட விட்டான்.

அதே மாதிரி காலையில ஆவடி லோக்கல்ல பார்ட்னர் ஏறுற பெட்டியிலேயே ஏற ஆரம்பிச்சேன். "தப்பு என் மேலதான், கேட்டிருக்கணும்"னு ஒரே ஒரு தடவை நேர்ல சொன்னேன். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசலை. இன்னும் பழைய மாதிரி ஆகலைங்க, பொய் சொல்ல விரும்பலை. ஆனா இப்போ பட்டரவாக்கம் தாண்டினா ஹெட்போன்ல ஒரு பக்கத்தைக் கழட்டறான்.

"எனக்கு நாய்னாலே பயம்"னு சொல்ற ஆளா நீங்க? நியாயமான பயம். தெரியாத நாயைத் தொடாதீங்க. கடிச்சாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னிக்கே போய் ஊசி போட்டுக்கோங்க. நான் சொல்றதுக்கு நாய்தான் வேணும்னு இல்லை. பூனை வளர்க்கிறவங்களைக் கேளுங்க, இதைவிடக் கஷ்டமான பாடம் சொல்லுவாங்க.

மணியால நமக்கு வேலை வாங்கித் தர முடியாது. ஆனா அவன்கிட்ட பொய்யான சிரிப்பும் எடுபடாது, மூணு பக்க ஸாரியும் எடுபடாது. தினமும் வந்தியா, என் பங்கைக் கொடுத்தியா, நான் உறுமினா நின்னு கேட்டியா? இவ்வளவுதான் பார்ப்பான். மனுஷங்களும் அதைத்தான் பார்க்கிறாங்க. வாயைத் திறந்து சொல்றதில்லை, அவ்வளவுதான்.

இன்னிக்கு ராத்திரி அந்த ஐம்பது ரிக்வெஸ்ட்டை விடுங்க. போன செமஸ்டர்ல உங்களுக்கு உதவி பண்ணின ஒருத்தருக்கு, எதுவும் கேட்காம, சும்மா ஒரு போன் பண்ணுங்க. அடுத்த வாரமும் பண்ணுங்க.