அறுபதாயிரம் ரூபாயும் ஒரு மின்னஞ்சலும்

அசோகா பல்கலைக்கழகத்தின் இணை நிறுவனர் சஞ்சீவ் பிக்சந்தானி முன்னாள் மாணவர் ஒருவருக்கு எழுதிய மின்னஞ்சலைப் பற்றி முதலில் படித்தபோது எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, இவர் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றியது. எரிச்சல் இரட்டிப்பானது அப்போதுதான்.

விவகாரம் வாசகர்கள் அறிந்ததே. அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அலி கான் மஹ்மூதாபாத், இந்தியாவின் ராணுவ நடவடிக்கையான ‘ஆபரேஷன் சிந்தூர்’ குறித்து முகநூலில் எழுதினார். அந்த நடவடிக்கையைச் செய்தியாளர்களுக்கு விளக்கிய கர்னல் சோபியா குரேஷியைப் பாராட்டுகிறவர்கள், கும்பல் கொலைக்கும் புல்டோசருக்கும் இரையாகிறவர்களுக்காகவும் குரல் கொடுக்கலாமே என்று அதில் கேட்டிருந்தார். 2025 மே 18 அன்று ஹரியாணா காவல் துறை அவரைக் கைது செய்தது. மூன்று நாள் கழித்து உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கூடவே மூன்று ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட புலனாய்வுக் குழுவையும் அமைக்கச் சொன்னது. பல்கலைக்கழக நிர்வாகமோ, அது அவருடைய சொந்தக் கருத்து, எங்கள் கருத்து அல்ல என்று கைகழுவிவிட்டது. கைதைக் கண்டித்தது ஆசிரியர் சங்கம்.

நிர்வாகத்தின் மௌனத்தைக் கேள்வி கேட்ட முன்னாள் மாணவருக்கு வந்த பதில்தான் அந்த மின்னஞ்சல். லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் என்றால் போராட்ட அரசியலும் கூடவே ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதில்லை. முகநூல் பதிவு ஆய்வு ஆகாது. எனவே கல்விச் சுதந்திரம் என்ற குடைக்குள் அது அடங்காது. இதுதான் சாரம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று விலகிவிடலாமா என நிறுவனர்களான தாங்கள் யோசித்ததாகவும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

முகநூல் பதிவு ஆய்வு இல்லை. ஒப்புக்கொள்வோம். இரண்டே ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்ப்போம். 2023-ல் அதே அசோகாவில் பொருளியல் கற்பித்த சப்யசாச்சி தாஸ், 2019 மக்களவைத் தேர்தலில் கடும் போட்டி நிலவிய தொகுதிகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, ஆளும் கட்சிக்குச் சாதகமாகத் தெரியும் விலகல்களைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அது முகநூல் பதிவு அல்ல. அட்டவணையும் வரைபடமும் கொண்ட ஆய்வு. அப்போது பல்கலைக்கழகம் என்ன சொன்னது? அந்தக் கட்டுரை இன்னும் மதிப்பாய்வு முடிந்து ஆய்விதழில் வெளிவரவில்லை என்றது. ஆகஸ்டில் தாஸ் ராஜினாமா செய்தார். உளவுத் துறை அதிகாரிகள் வளாகத்துக்கே வந்து விசாரித்தார்கள். ஆக, பேராசிரியர் முகநூலில் எழுதினால் அது ஆய்வு அல்ல. ஆய்வாக எழுதினால் அது வெளிவரவில்லை. வெளிவந்துவிட்டால் வேறொரு காரணம் கிடைக்காமலா போகும்?

2021 மார்ச்சில் நடந்ததையும் மறக்க வேண்டாம். அங்கே துணைவேந்தராகவும் இருந்த பிரதாப் பானு மேத்தா, தன்னுடைய இருப்பு பல்கலைக்கழகத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். மத்திய அரசின் முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் இரண்டு நாளில் அவருக்குப் பின்னால் போனார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். உலகெங்குமிருந்து 150-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கண்டனக் கடிதம் எழுதினார்கள். நடைமுறைகளில் சில குறைகள் நேர்ந்துவிட்டன என்று வருத்தம் தெரிவிக்கப்பட்டது. வருத்தம் தெரிவிப்பதில் அசோகா எப்போதுமே உலகத் தரம்தான்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பல்கலைக்கழகம் நல்ல கனவோடுதான் தொடங்கியது. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு ‘யங் இந்தியா ஃபெல்லோஷிப்’. 2014-ல் சோனிபத்தில் 25 ஏக்கரில் முழுப் பல்கலைக்கழகம். ஒரே முதலாளியின் சொத்தாக இல்லாமல், தொழிலில் ஜெயித்த பலர் சேர்ந்து பணம் போட்டது நம் நாட்டுக்குப் புதிது. இயற்பியல் படிக்கிறவர் வரலாறும், கணினி படிக்கிறவர் தத்துவமும் படிக்கலாம். விமர்சனச் சிந்தனைக்கென்று முதலாண்டிலேயே ஒரு பாடம் உண்டு. (பாடம் மாணவர்களுக்கு, நிர்வாகத்துக்கு அல்ல.) லிபரல் ஆர்ட்ஸ் என்பதற்குத் தமிழில் நல்ல சொல் இன்னும் அமையவில்லை. ‘தாராளக் கலைகள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தாராளமாகக் கொடுப்பவர்களின் கலை என்று பொருள் கொண்டால் அசோகாவுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. முன்பே கேட்ட வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1936 மார்ச். தாகூருக்கு 75 வயது ஆகப்போகிறது. ‘சித்ராங்கதா’ நாட்டிய நாடகக் குழுவோடு பாட்னா, அலகாபாத், லாகூர், தில்லி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். சாந்திநிகேதனில் தான் நிறுவிய விஸ்வபாரதியின் கடனை அடைக்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற கவி, தள்ளாத உடம்போடு மேடையேறிப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் திரட்டுகிறார். தில்லியில் இருந்த காந்திக்கு இது தாங்கவில்லை. பற்றாக்குறை எவ்வளவு என்று விசாரித்தார். 60,000 ரூபாய். சில நாட்களில் அந்தத் தொகைக்குக் காசோலை தாகூர் கைக்கு வந்தது. கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. ஜி.டி. பிர்லா கொடுத்தது என்று பிற்பாடு சொன்னார்கள். மிச்சமிருந்த ஊர்களுக்குப் போகாமல் தாகூர் திரும்பினார்.

60,000 ரூபாய்! இன்று அசோகாவில் படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. மாதக் கணக்கில் வகுத்தால், முழுக் கட்டணம் செலுத்தும் ஒரே ஒரு மாணவரின் ஒரு மாதச் செலவு அந்த 60,000-ஐ மிஞ்சிவிடும். ரூபாயின் மதிப்பு அன்று வேறு, இன்று வேறு என்று கணக்காளர்கள் கிளம்பிவருவார்கள். வரட்டும். எனக்கு முக்கியம் ரூபாயின் மதிப்பு அல்ல, கொடுத்தவர் தன் பெயரை வெளியே சொல்லாதது. தொழிலதிபர் பணம் கொடுத்தார், கொடுத்ததோடு ஒதுங்கினார். சாந்திநிகேதனில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு அவரிடமிருந்து கடிதம் எதுவும் வந்ததாக நான் படித்ததில்லை. அசோகாவில் துறைக்கும் மையத்துக்கும் கொடையாளர் பெயர். தேர்தல் தரவுகளைத் திரட்டிப் பெயர் வாங்கிய மையம்கூட ‘திரிவேதி அரசியல் தரவு மையம்’தான்.

தாகூருக்கு மட்டும் நெருக்கடி இல்லாமலா இருந்தது? 1901-ல் ஐந்து மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கியபோது மனைவி மிருணாளினியின் நகைகள் போயின; பூரியில் இருந்த வீடு போயிற்று. அந்தப் பள்ளி அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று கிழக்கு வங்காள அரசு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்போதும் அவர் பள்ளியை அரசுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளவில்லை. 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்ததும் ‘சர்’ பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டே ஆண்டில், 1921 டிசம்பர் 23-ல், விஸ்வபாரதி பிறந்தது. உலகம் முழுதும் ஒரே கூட்டில் வந்து தங்கும் இடம் என்பது அதன் இலட்சிய வாசகம். அது வெறும் வாசகமாக நிற்கவில்லை. ஆங்கிலேயரான எல்ம்ஹர்ஸ்ட் வந்து, சாந்திநிகேதனை அடுத்த ஸ்ரீநிகேதனில் கிராம மறுமலர்ச்சி வேலையைத் தொடங்கினார். சீனத்திலிருந்து வந்த தான் யுன்-ஷான் 1937-ல் சீன பவனத்தை எழுப்பினார். விஸ்வபாரதியில் படித்த ஜி. ராமச்சந்திரன் பின்னாளில் நம் திண்டுக்கல் பக்கம் வந்து காந்திகிராமத்தை உருவாக்கினார்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது முசோலினி கதை. 1925-ல் ஃபோர்மிகி, டூச்சி என்ற இரண்டு பேராசிரியர்களையும் இத்தாலிய நூல்கள் கொண்ட ஒரு நூலகத்தையும் முசோலினி சாந்திநிகேதனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். மறு ஆண்டு தாகூர் இத்தாலி போனார். உபசாரத்தில் மயங்கிச் சில நல்ல வார்த்தைகளும் சொல்லிவிட்டார். அது தவறுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தும் நாடுகடந்து வாழ்ந்த இத்தாலியர்களும் உண்மை நிலவரத்தைச் சொன்னதும், ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகைக்கு பாசிசத்தைக் கண்டித்து எழுதினார். இத்தாலிய உதவி அத்தோடு தீர்ந்தது. கடனில் மூழ்கியிருந்த ஒரு கல்விக்கூடத்தின் நிறுவனர் செய்த காரியம் இது. அந்தக் கடிதத்தை ஆய்விதழ் எதுவும் மதிப்பாய்வு செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அசோகாவின் நிறுவனர்கள் தாகூர் அல்லவே என்று கேட்பீர்கள். அப்படியானால் அமெரிக்காவுக்கே போவோம். அவர்களுடைய வழிபாட்டுத் தலம் அதுதானே. ஸ்டான்ஃபோர்டில் 1900-ல் எட்வர்ட் ராஸ் என்ற சமூகவியல் பேராசிரியர் ஆசியத் தொழிலாளர் குடியேற்றத்தை எதிர்த்து மேடையில் பேசினார். அருவருப்பான, இனவெறி கலந்த பேச்சு. நிறுவனர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் மனைவி ஜேன், கணவர் இறந்த பிறகு பல்கலைக்கழகத்தின் முழுப் பொறுப்பும் தன் கையில் வைத்திருந்தவர். ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த குடும்பம். அந்தப் பாதையைப் போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். அம்மையார் சொல்ல, ராஸ் வெளியேற்றப்பட்டார். அவருடைய கருத்தை ஏற்காத சக பேராசிரியர்களும் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஆர்தர் லவ்ஜாய். அவரும் ஜான் டூயியும் சேர்ந்து 1915-ல் உருவாக்கியதுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம். பேராசிரியரின் வேலை கொடையாளரின் மனநிலையைப் பொறுத்ததல்ல என்பதை அமெரிக்கா அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டது. நம்மவர்கள் அங்கிருந்து பாடத்திட்டத்தை இறக்குமதி செய்தார்கள், விடுதிக் கட்டடத்தின் வடிவத்தை இறக்குமதி செய்தார்கள். இந்த ஒன்றை மட்டும் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

மறுப்பாளர்கள் மூன்று சொல்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் மட்டும் என்ன வாழ்கிறது என்பது முதலாவது. வாழவில்லைதான். 1951-ல் மத்தியப் பல்கலைக்கழகமான விஸ்வபாரதியிலேயே, யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த 2023-ல், பிரதமர் பெயரும் துணைவேந்தர் பெயரும் பொறித்து தாகூர் பெயரை விட்டுவிட்டுக் கல்வெட்டு வைத்தார்கள். அரசு கெட்டது என்பதால் தனியார் நல்லவர் ஆகிவிட மாட்டார். நிறுவனம் பிழைத்தால்தானே மாணவர்கள் படிக்க முடியும் என்பது இரண்டாவது. கோழைத்தனத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது, பணம் போட்டவர்களுக்குச் சொல்ல உரிமை இல்லையா என்பது. இல்லை.

உலகக் கல்வி என்று பேசுகிற எல்லா இடத்திலும் கதை இப்படித்தான் முடிகிறது. யேலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013-ல் திறந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியை மூடும் முடிவு 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அது செய்தி, அவ்வளவுதான். அவர்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. 2025-ல் கடைசி மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள், கதவு சாத்தப்பட்டது. சாவி எப்போதும் வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது.

சோழரையும் பாண்டியரையும் தன் கல்வெட்டில் குறித்த அசோகர், அடுத்தவர் சமயத்தைப் பழிக்காமல் நாவை அடக்கச் சொல்லியும் ஒரு கல்வெட்டு வைத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தவர்கள் நாவை அடக்குவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் சொன்னதைப் பாறையில் வெட்டினார், எல்லோரும் படிக்க. மின்னஞ்சலில் அனுப்பவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். கொடையாளர் பணம் திரும்பப் பெற முடியாத வைப்பு நிதியாகப் போகட்டும். ஆசிரியர் நியமனத்திலும் நீக்கத்திலும் நிறுவனர்களுக்கு இடமே கூடாது. ஆசிரியர் குழு ஒப்பாமல் எந்த ராஜினாமாவும் ஏற்கப்படக் கூடாது. இதைச் சட்டமாக்க வேண்டும். இதற்கு உடன்படாத தனியார் நிறுவனம் ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லைப் பெயர்ப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அசோகா உட்பட.

அதுவரை, பிள்ளையை அங்கே சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வளாகம் சுற்றிக் காட்டும்போது நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் பேராசிரியர் எழுதியது ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.